இரட்டை ட்யூனர்

ஊரில் ஒன்பதரை என்றால்
குவைத்தில் ஏழு.
இரவு ஒன்பதரைத் தொடருக்குப் பெயர் ஓடும்போது
விண்ணரசி பர்வானியாவில், ஆஸ்பத்திரி லேபில்
கையுறை மாட்டிக்கொண்டிருப்பாள்.
காலை ஒன்பதரைக்கு முதல் பந்து விழும்போது
நான் ஷுவைக் கோடவுனில்
டயர் எண்ணிக்கொண்டிருப்பேன்.
எங்களுக்குப் பிடித்ததெல்லாம்
ஆளில்லாத வீட்டில்தான் ஓடியது.

மூன்று வெள்ளிக்கிழமை ஹவல்லியில் அலைந்தோம்.
மூன்றாவது வாரம் கிடைத்தார் தாஜுதீன்,
காயல்பட்டினத்துக்காரர்.
“இது முப்பத்தெட்டு தினார். ஐநூறு ஜிபி. ஒத்த ட்யூனர்.
அவங்க நாடகம் பதியிற நேரத்துல
நீங்களும் நாடகந்தான் பாக்கணும்.
இது அம்பத்தாறு. ஒரு டிபி. ரெட்ட ட்யூனர்.
ஒண்ணு பாட்டுக்குப் பதியும்,
நீங்க பாட்டுக்கு நியூஸ் பாருங்க.
அந்த ஓரத்துல கிடக்கிறது இருபத்திரண்டு.
அத நான் உங்களுக்கு விக்க மாட்டேன்.”

நான் கேட்டேன்:
கரண்ட் போய் வந்தால் டைமர் நினைவில் இருக்குமா?
“இங்க எங்க அண்ணே கரண்ட் போவுது?”
இருந்தாலும் கேட்டேன்.

விண்ணரசி எதையும் கேட்கவில்லை.
ஒவ்வொரு பெட்டியையும் ஓடவிடச் சொல்லி
அதன்மேல் காது வைத்தாள்.
கடையில் இரண்டு எகிப்துக்காரர்கள்
பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள்.
பகலில் தூங்குகிறவள் அவள்.
விசிறி முனகாத பெட்டி வேண்டும்.
அம்பத்தாறு தினார் பெட்டி
முனகவில்லை. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

இரட்டை ட்யூனருக்கு இரட்டை கேபிள் என்பதைத்
தாஜுதீன் பணம் வாங்கிய பிறகு சொன்னார்.
மொட்டைமாடியிலிருந்து இன்னொரு கேபிள் இறக்க
ஹாரிஸ் ஃபத்ஹி ஐந்து தினார் கேட்டான்,
மூன்றுக்கு இறங்கினான்.
கேபிளும் இறங்கியது.

சட்டம் போட்டோம்:
கடைசியாகப் பார்த்தவர் அழிக்க வேண்டும்.

இப்போது பெட்டி என்னிடம் கேட்கிறது,
“விட்ட இடத்திலிருந்து தொடரவா?”
விட்டது நானல்ல.
விநாடி வினாவில் பதினோராவது நிமிடம்:
அங்கே அவள் தூங்கிப்போயிருக்கிறாள்.
சமையல் நிகழ்ச்சி நான்காவது நிமிடம்:
லேபிலிருந்து போன் வந்திருக்கும்.
புழுதிக்காற்று அடித்த செவ்வாய்க்கிழமை
நாயகியின் முகம் கட்டம்கட்டமாய் உடைந்து
வாய் மட்டும் காதுப்பக்கம் அசைந்தது.
அதையும் இருபது நிமிடம் பார்த்திருக்கிறாள்.
அன்றைக்கு என்னவென்று கேட்க வேண்டும்.

அப்புறம்தான் கவனித்தேன்.
அவள் எதையும் முடிப்பதில்லை.
படமோ தொடரோ பட்டிமன்றமோ
கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் நிறுத்திவிடுகிறாள்.
“வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும்” என்றாள்,
சோறு மிச்சம் வைப்பதுபோல.

ஆக வெள்ளிக்கிழமைகளில் நாங்கள்
முடிவுகள் பார்க்கிறோம்.
நான் தொடக்கம் அறியாத முடிவுகள்.
யாரோ மன்னிக்கிறார், யாரோ ரயிலேறுகிறார்,
நடுவர் தீர்ப்புச் சொல்கிறார்.
இவன் யார் என்று கேட்பேன்.
“அண்ணன். ஆனா அண்ணன் இல்ல.”
தட்டில் காய்ந்த கையோடு சிரிப்போம்.

இந்த வெள்ளி அவளுக்கு ட்யூட்டி மாற்றிவிட்டார்கள்.
அடுத்த வெள்ளியும் சந்தேகம்தான்.
பெட்டியில் இடம் தொண்ணூற்றாறு சதவீதம் தீர்ந்தது.
ஒன்பது முடிவுகள் காத்திருக்கின்றன.

பட்டியலில் என்னுடையதும் ஒன்று கிடந்தது:
ஐந்து நாள் டெஸ்ட், ஐந்தும் முழுசாக.
மூன்றாம் நாள் மதியம்வரைதான் பார்த்திருக்கிறேன்.
யார் ஜெயித்தார்கள் என்று
கோடவுனில் ஒருவரும் சொல்லிவிடாமல்
நாலு நாளாகக் காதைப் பொத்திக்கொண்டு திரிகிறேன்.

அழிக்கவா என்று கேட்டது.
ஆம்.
நிச்சயமாகவா என்றது.